ஜிஆர்இ மறுபடி எழுதணுமா? பணம் கட்டும் முன் சில குறிப்புகள்

அமெரிக்காவில் சைக்காலஜி மேல்படிப்புக்கு அப்ளை பண்ணும் பிள்ளை இருக்கும் வீடுகளில் செப்டம்பர் வந்தால் இதே பேச்சுதான்: "இன்னொரு தடவை எழுதிப் பார்த்துடவா?" கட்டணமே இருபதாயிரத்தைத் தாண்டும், அதோடு இரண்டு மாத உழைப்பும் போகும். கார்டை எடுக்கும் முன் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள் தோழிகளே.

1. முதலில், அப்ளை பண்ணப் போகும் துறைகளை எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே "கட்டாயம்", "இஷ்டம்", "வேண்டாம்" என்று குறியுங்கள். 2020-க்குப் பிறகு எத்தனையோ சைக்காலஜி துறைகள் ஜிஆர்இயைக் கைவிட்டுவிட்டன. சில துறைகள், நாம் அனுப்பினாலும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்து முனைவர் படிப்புகளெல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

2. பட்டியலில் முக்கால்வாசி "வேண்டாம்" என்று வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. கையில் இருக்கும் ஸ்கோரை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

3. ஒரே பல்கலைக்கழகத்தில் கிளினிக்கல் பிஹெச்டிக்கு ஒரு விதி, மாஸ்டர்ஸுக்கு ஒரு விதி இருக்கும். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தை நம்பாமல், அந்தந்தத் துறையின் அட்மிஷன் பக்கத்தை இந்த வருடத் தேதியோடு பாருங்கள். போன வருடம் போன சீனியர் அக்கா கொடுத்த பட்டியல் இந்த வருடத்துக்கு உதவாமல் போகலாம்.

4. "கட்டாயம்" என்று ஒரே ஒரு இடம்தான் வருகிறதா? அந்த ஒன்றுக்காக மறுபடி எழுதுவதா, அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்ப்பதா என்று யோசியுங்கள். ஒரு அப்ளிகேஷனுக்கே பெரும்பாலும் நூறு டாலரை ஒட்டி ஆகிறது. தேர்வுக் கட்டணத்தில் இரண்டு அப்ளிகேஷன் போட்டுவிடலாம்.

5. "இஷ்டம்" என்று போட்ட இடங்களுக்கு நான் வைத்திருக்கும் சட்டம் சின்னது. அவர்கள் சேர்த்த மாணவர்களின் சராசரியை நம் பிள்ளை தொட்டாலோ தாண்டினாலோ அனுப்பலாம், குறைந்தால் அனுப்பாமல் விடலாம். இஷ்டம் என்று சொன்ன இடத்துக்காக மட்டும் மறுபடி எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

6. அந்தச் சராசரி எங்கே கிடைக்கும்? பல துறைகள் தங்கள் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். கிளினிக்கல், கவுன்சலிங் படிப்புகளுக்கு நார்கிராஸும் சயெட்டும் எழுதும் 'இன்சைடர்ஸ் கைடு' இருக்கிறது. பழைய பதிப்பை யாரிடமாவது இரவல் வாங்கினால் போதும்; நிலவரம் தெரிந்துவிடும், விதிமுறையை மட்டும் இணையத்தில் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. "340-க்கு 305தானா?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு பதில்: இதில் வெர்பல் (மொழி), குவான்ட் (கணக்கு) என்ற இரண்டு பகுதியும் தனித்தனியே 130-இல் தொடங்கி 170-இல் முடிகின்றன. எல்லாக் கேள்வியையும் தப்பாகப் போட்டாலும் 260 வந்துவிடும்! பிளஸ் டூ மார்க் மாதிரி சதவீதம் போட்டு யாரும் பயப்படவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம்.

8. ஸ்கோரை விட பெர்சன்டைலைப் பாருங்கள். வெர்பலில் 160 வாங்கினால் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் நமக்குப் பின்னால் இருக்கிறார்கள். குவான்ட்டில் அதே 160 கிட்டத்தட்ட நடுவில்தான் நிற்கும். "ரெண்டும் 160, ரெண்டும் ஒண்ணுதான்" என்று கணக்குப் போட்டால் எதைத் தூக்க வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும்.

9. இது முக்கியம், நிதானமாகப் படியுங்கள். எந்தத் தேர்வு ஸ்கோரும் தராசு முள் மாதிரி கொஞ்சம் ஆடும். ஜிஆர்இயில் அந்த ஆட்டம் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு புள்ளியைச் சற்றே தாண்டும். அதாவது 156 எடுத்த பிள்ளை, எதையும் புதிதாகப் படிக்காமல் அடுத்த வாரம் எழுதினாலும் 154-ஓ 158-ஓ எடுக்கலாம். துறையின் சராசரிக்கும் நமக்கும் ஒன்றிரண்டு புள்ளிதான் வித்தியாசம் என்றால் அதற்கு இருபதாயிரம் கட்டாதீர்கள். ஐந்தாறு புள்ளி என்றால், அதுவும் "கட்டாயம்" பட்டியலில் என்றால், பேசலாம்.

10. வீட்டில் எழுதிய மாதிரித் தேர்வுகளின் ஸ்கோரையும் அசல் ஸ்கோரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அசல் நாலைந்து புள்ளி கீழே இருந்தால் அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது, மறுதேர்வுக்கு அர்த்தம் உண்டு. இரண்டும் ஒன்றாக இருந்தால் அதுதான் இன்றைய நிலை. படிப்பு மாறாமல் ஸ்கோர் மாறாது.

11. வழக்கத்தை விட மோசமாகப் போன ஒரு தேர்வுக்குப் பிறகு அடுத்தது தானாகவே கொஞ்சம் மேலே வரும். வழக்கத்தை விட நன்றாகப் போனதற்குப் பிறகு கொஞ்சம் இறங்கும். இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்சியாளர்கள் "திட்டினால் முன்னேறுகிறார்கள், பாராட்டினால் கெட்டுப்போகிறார்கள்" என்று நம்பியதை உளவியலாளர் டேனியல் கானமன் இப்படித்தான் விளக்கினார். ஆகவே மாதிரித் தேர்வுகளை விட அசலில் அதிகம் வந்திருந்தால் ஆசைப்படாதீர்கள், அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

12. தேர்வு எழுதிய அன்று ராத்திரியே பிள்ளையிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எந்தப் பகுதியில் நேரம் போதவில்லை, தூக்கம் எப்படி, எந்த வகைக் கேள்வி உதைத்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் "எல்லாமே கஷ்டம்" என்றுதான் வரும்.

13. அந்தத் தாளில் "காய்ச்சல்", "கம்ப்யூட்டர் நின்றுபோனது", "கடைசி நாலு கேள்வி பார்க்கவே இல்லை" என்று திருத்தக்கூடிய காரணம் இருந்தால் மறுதேர்வுப் பக்கம் ஒரு டிக் போடுங்கள். "மனசுக்குத் திருப்தியில்லை" என்பது மட்டும் இருந்தால் டிக் கிடையாது.

14. முதல் தேர்வுக்கும் அடுத்ததற்கும் 21 நாள் இடைவெளி வேண்டும்; எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் ஐந்து தடவைக்கு மேல் முடியாது. ஸ்கோரை ரத்து செய்திருந்தாலும் அந்தத் தடவை கணக்கில் சேரும்.

15. கிளினிக்கல் பிஹெச்டிகளில் நிறைய இடங்களுக்கு டிசம்பர் 1 கடைசி நாள். ஸ்கோர் வர 8 முதல் 10 நாள். அக்டோபர் 18-இல் எழுதிய பிள்ளை நவம்பர் 8-க்கு முன் மறுபடி எழுத முடியாது, ஸ்கோர் கைக்கு வர நவம்பர் 18 ஆகிவிடும், எஸ்ஓபி (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்) எழுத வேண்டிய மூன்று வாரமும் இதிலேயே கரையும். காலண்டரைப் பின்னாலிருந்து முன்னால் எண்ணிப் பாருங்கள், பாதி முடிவு அங்கேயே கிடைக்கும்.

16. பிள்ளை "ஒரு மாசம் போதும்" என்றால் ஒன்றரை மாதத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சைக்காலஜி மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்க சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். சைக்காலஜி படித்தவர்களுக்கே அந்தக் கதி.

17. "முதல் தடவை அவ்வளவு செலவு பண்ணியாச்சே, விடறதா?" என்று வீட்டில் ஒரு குரல் வரும். அந்தப் பணம் போனது போனதுதான். எழுதினாலும் வராது, எழுதாவிட்டாலும் வராது. இனிமேல் ஆகப்போகும் செலவை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

18. தேர்வு முடிந்ததும் திரையில் "ரத்து செய்யவா, பதிவு செய்யவா" என்று கேட்கும். ஸ்கோரைக் காட்டும் முன்பே கேட்கும். மோசமாக எழுதியதாகத் தோன்றினாலும் பதிவு என்றே போடச் சொல்லுங்கள். எந்தத் தேதி ஸ்கோரை அனுப்புவது என்பது பிறகும் நம் கையில்தான் இருக்கிறது. ரத்து செய்ததை 60 நாளுக்குள் மீட்கலாம் என்றாலும் அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள்.

19. இரண்டு தடவை எழுதியிருந்தால் நல்ல தேதியை மட்டும் அனுப்பலாம், ஸ்கோர் செலக்ட் என்று பெயர். ஆனால் அந்தத் தேதியின் வெர்பல், குவான்ட், கட்டுரை மூன்று மார்க்கும் சேர்ந்துதான் போகும். முதல் தடவை வெர்பலையும் இரண்டாம் தடவை குவான்ட்டையும் நாமாகக் கோர்க்க முடியாது. வெர்பல் ஏறி குவான்ட் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதை எழுதப் போகும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

20. சில துறைகள் இரண்டு தேதியையும் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு பகுதியிலும் உயர்ந்ததை எடுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடங்கள் பட்டியலில் இருந்தால் பலவீனமான பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் லாபம்தான். துறையின் அட்மிஷன் ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு வரி மெயில் போட்டால் சொல்லிவிடுவார்கள்.

21. தேர்வு நாளில் நாலு இடத்துக்கு ஸ்கோர் அனுப்புவது இலவசம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் டாலரில் கட்டணம். அந்த நாலை "கட்டாயம்" பட்டியலிலிருந்து முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். அப்ளிகேஷனில் நாமே ஸ்கோரைப் போட்டால் போதும், இடம் கிடைத்த பிறகு அதிகாரப்பூர்வமாக அனுப்பலாம் என்று சொல்லும் துறைகளும் உண்டு. அவற்றுக்கு இலவசத்தை வீணாக்காதீர்கள்.

22. தேதி மாற்ற நினைத்தால் தேர்வுக்கு நாலு நாள் முன்னாலேயே, தேர்வு நாளைச் சேர்க்காமல் எண்ணி, மாற்றிவிடுங்கள். அதற்குள் ரத்து செய்தால் பாதிப் பணமாவது வரும். கடைசி நாளில் யோசித்தால் முழுப் பணமும் போய்விடும்.

23. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் ஒரு தலைவலி, இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து எப்படி இருக்கிறதோ, அப்படியே ஜிஆர்இ கணக்கிலும் இருக்க வேண்டும். மறுதேர்வுக்குப் புதுக் கணக்கு திறக்காமல் பழைய கணக்கிலேயே பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் இரண்டு ஸ்கோரும் இரண்டு பெயரில் கிடக்கும்.

24. 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு ஒரு மணி 58 நிமிடம்தான். கட்டுரை ஒன்றே ஒன்று, வெர்பலில் 27 கேள்வி, குவான்ட்டில் 27 கேள்வி. "நாலு மணி நேரம் உட்கார உடம்பு வேணும்" என்று பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டு மறுதேர்வுக்குப் பயப்படத் தேவையில்லை.

25. கேள்வி குறைந்ததால் ஒவ்வொரு தப்பும் முன்பை விடக் கனமாக விழும். முதல் செட் எப்படிப் போகிறதோ அதைப் பொறுத்துத்தான் இரண்டாம் செட்டின் கடினம் அமையும். நெகட்டிவ் மார்க் கிடையாது, எதையும் காலியாக விட வேண்டாம்.

26. குவான்ட் ஏற்றுவதற்குப் புது கோச்சிங் வேண்டாம். கால்குலஸ் இல்லை, டிரிக்னோமெட்ரி இல்லை; பத்தாம் வகுப்புக்குள் இருக்கிற கணக்குதான் பெரும்பாலும். பரண்மேல் கிடக்கும் ஒன்பது, பத்தாம் வகுப்பு சமச்சீர் கணக்குப் புத்தகத்தில் புள்ளியியலும் நிகழ்தகவும் அத்தியாயத்தைத் தூசி தட்டுங்கள், திட்ட விலக்கம்கூட அங்கேயே இருக்கிறது.

27. பிஏ, பிஎஸ்ஸி சைக்காலஜி படித்த பிள்ளைகளுக்கு உதைப்பது குவான்ட்; இன்ஜினியரிங் முடித்துவிட்டு சைக்காலஜிக்குத் தாவும் பிள்ளைகளுக்கு வெர்பல். கல்லூரியில் புள்ளியியல் பேப்பரில் நல்ல மார்க் இருந்தால் சுமாரான குவான்ட்டை அது ஓரளவு சரிக்கட்டும். மறுதேர்வு எழுதும் முன் மார்க் ஷீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

28. வெர்பலில் ஏறத்தாழ பாதி வாசிப்புப் பகுதி. வார்த்தைப் பட்டியலை மட்டும் உருப்போட்டால் மீதிப் பாதி அசையாது. சேர விரும்பும் பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரைகளையே தினமும் ஒன்றாக வாசிக்கச் சொல்லுங்கள்; எஸ்ஓபிக்கும் அதுவே சரக்கு, ஒரே அடுப்புச் செலவில் ரெண்டு வேலை!

29. வார்த்தை அட்டைக்குக் கடையில் காசு கொடுக்காதீர்கள். வீட்டில் சேரும் கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டினால் கெட்டியான அட்டை. முன்னால் வார்த்தை, பின்னால் பொருள்.

30. அட்டையைத் திரும்பத் திரும்பப் படிப்பதை விட, மூடிவைத்துக்கொண்டு நினைவிலிருந்து சொல்வது நிற்கும். ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், படித்துக்கொண்டே இருந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் முந்தினார்கள், ஒரு வாரத்தில் பின்தங்கினார்கள். சைக்காலஜி சீட்டுக்குப் படிக்கும் பிள்ளை இதையாவது தன் மேலேயே சோதித்துப் பார்க்கட்டும்.

31. ஜிஆர்இ நடத்தும் இடிஎஸ் நிறுவனமே இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. முதல் தடவையிலேயே இரண்டையும் தீர்க்காமல் ஒன்றை மிச்சம் வையுங்கள். மறுபடி திறந்தால் அதே கேள்விதான் வரும், ஸ்கோர் பொய்யாக ஏறிக் காட்டும்.

32. பழைய ஜிஆர்இ புத்தகம் பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். வெர்பல், குவான்ட் கேள்வி வகைகள் அப்படியேதான் இருக்கின்றன. இப்போது இல்லாத 'ஆர்க்யுமென்ட்' கட்டுரை பற்றிய பக்கங்களை மட்டும் ஸ்டேப்ளர் போட்டு மூடிவிடுங்கள். சென்னைக்காரர்களுக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, உட்கார்ந்து படிக்க ஏசி வேறு.

33. கட்டுரை மார்க் 3.5, 4 என்று வந்ததற்காக மட்டும் முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டாம். எழுத்துத் திறமையைக் காட்ட எஸ்ஓபி என்று முழுசாக இரண்டு பக்கம் கையில் இருக்கிறது.

34. வீட்டிலிருந்தே எழுதும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் பயணச் செலவு மிச்சம், ஆனால் வீடு அடங்கியிருக்க வேண்டும். அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது, "காபி வேணுமா கண்ணு?" என்று எட்டிப் பார்த்தால்கூட வம்பு. காலிங் பெல்லை அணைத்து, குக்கரைக் காலையிலேயே இறக்கி, இன்வெர்ட்டர் சார்ஜைப் பார்த்துவிடுங்கள். இதெல்லாம் முடியாத வீடென்றால் மறுதேர்வைத் தேர்வு மையத்திலேயே எழுதட்டும்.

35. சைக்காலஜிக்கென்றே ஒரு தனி ஜிஆர்இ உண்டு, 200 முதல் 990 வரை ஸ்கோர். கேட்கும் துறைகள் இப்போது கொஞ்சம்தான். வேறு பாடத்தில் டிகிரி வாங்கிவிட்டு சைக்காலஜிக்கு வரும் பிள்ளைக்கு, தனக்கு அடிப்படை தெரியும் என்று காட்ட அது கைகொடுக்கலாம். பொதுத் தேர்வை மூன்றாம் தடவை எழுத நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் இதை ஒரு தடவை எழுதுவதை யோசிக்கலாம்.

36. "ஜிஆர்இக்கு மதிப்பே இல்லை" என்று ஒரேயடியாகச் சொல்வதையும் நம்பாதீர்கள். 2001-இல் 82,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தரவைத் திரட்டிப் பார்த்தபோது மேல்படிப்பு மார்க்கோடு அதற்குத் தொடர்பு தெரிந்தது, பாடவாரித் தேர்வுக்கு இன்னும் கூடுதலாக. ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ராபின் டாஸ், ஜிஆர்இயும் கல்லூரி மார்க்கும் கல்லூரித் தரமும் சேர்ந்த எளிய சூத்திரம் சேர்க்கைக் குழுவின் கணிப்பையே முந்துவதைக் காட்டினார், 1971-இல். கேட்கும் துறை காரணத்தோடுதான் கேட்கிறது. கேட்காத துறைக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

37. அதே இரண்டு மாதத்தை வேறெங்கே போடலாம் என்று எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். பிஹெச்டிக்கு ஆய்வு அனுபவமும், பேராசிரியரின் ஆய்வோடு பொருத்தமும், நம்மை நன்றாகத் தெரிந்தவர் எழுதும் பரிந்துரைக் கடிதமும்தான் பெரும்பாலும் பேசுகின்றன. சென்னை அண்ணா நகர் ஸ்கார்ஃப், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மனநல ஆய்வு இடங்களில் ஆய்வு உதவியாளராகச் சேர வழி கிடைத்தால், மூன்று புள்ளி வெர்பலுக்காக அதை விடாதீர்கள்.

38. எஸ்ஓபியில் "தேர்வன்று எனக்கு உடம்பு சரியில்லை" என்று ஒரு பத்தி வேண்டாம். மறுபடி எழுதவில்லை என்று முடிவெடுத்தால் அந்த ஸ்கோரைப் பற்றிப் பேசாமலே விட்டு, அந்த இடத்தில் செய்த ஆய்வைப் பற்றி எழுதட்டும்.

39. எழுதலாம் என்றே முடிவானால், பதிவு செய்யும் முன் ஒரு எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: "வெர்பல் இவ்வளவு வந்தால் போதும், வராவிட்டாலும் மூன்றாவது இல்லை." தேர்வு முடிந்த சூட்டில் எடுக்கும் முடிவுகள் எப்போதும் பர்ஸைத்தான் பதம் பார்க்கும்.

40. ஜிஆர்இ ஸ்கோர் ஐந்து வருடம் செல்லும், டோஃபல் இரண்டு வருடம்தான். ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு அப்ளை பண்ணலாம் என்று தள்ளிப்போட்டால் எது காலாவதியாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கைக் கல்லூரி மெயிலில் திறந்திருந்தால் சொந்த மெயிலுக்கு உடனே மாற்றிவிடுங்கள்; படிப்பு முடிந்த பிறகு அந்த மெயில் மூடிவிட்டால் ஸ்கோரைத் திறக்கவே திண்டாட வேண்டும்.